நூலுக்கு இயந்திரம் போதும், சட்டைக்கு விரல் வேண்டும்

ஜவுளித் தொழில் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் குணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு தொழில்கள் இருக்கின்றன. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்குவது ஒன்று. அந்தத் துணியை வெட்டித் தைத்து உடுப்பாக்குவது இன்னொன்று. முதலாவதில் இயந்திரம் ஏறக்குறைய முழுதாக ஜெயித்துவிட்டது. நவீன நூற்பாலைக் கூடத்தில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும், ஆட்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் ஒரு தையல் மெஷினுக்கு ஓர் ஆள் என்பதுதான் இன்றைக்கும் கணக்கு. ஆலைகள் ஏன் நாடு விட்டு நாடு போய்க்கொண்டே இருக்கின்றன, தைப்பவர் கூலி ஏன் இவ்வளவு குறைவு, ஏழை நாடுகள் ஏன் இந்தத் தொழிலிலேயே முதல் அடி எடுத்து வைக்கின்றன என்று கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் வந்து நிற்போம்.

முதலில் நூற்பு. கையால் நூற்ற காலத்தில் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் ஓட வேண்டியிருந்தது. 1733இல் ஜான் கே, குறுக்கு நூலைத் தறியில் வேகமாக ஓட்டும் பறக்கும் நாடாவைக் கொண்டுவந்ததும் நெசவு இன்னும் வேகமாகி, நூலுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. அந்த நெருக்கடியில்தான் 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, 1769இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்ச்சட்டகம், 1779இல் கிராம்ப்டனின் மியூல் என்று நூற்பு இயந்திரங்கள் அடுத்தடுத்து வந்தன. 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பஞ்சை நூற்க, 18ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைராட்டையில் 50,000 மணி நேர உழைப்புக்கு மேல் தேவைப்பட்டது என்றும், 1825 வாக்கில் வந்த தானியங்கி மியூலில் 135 மணி நேரம் போதும் என்றும் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு கணக்கு உண்டு. இந்த இடைவெளியை எந்த மலிவுக் கூலியாலும் அடைக்க முடியாது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை நூல் சந்தைகளை நிரப்பியதில் காலனி ஆட்சியின் சுங்கக் கொள்கைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்தக் கொள்கை இல்லாதிருந்தால் கைநூற்பு பிழைத்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கைநெசவு வேறு கதை. மில் நூலை வாங்கி நெய்தே அது இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

இயந்திரம் இங்கே ஜெயித்ததற்குக் காரணம் எளிது. இழு, முறுக்கு, சுற்று. நூற்பு என்றால் இந்த மூன்று அசைவுகளை முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதுதான். நெசவும் அப்படித்தான், நீள நூலான பாவு திறக்கும், குறுக்கு நூலான ஊடை ஓடும், அச்சு அடிக்கும். நூல் இழுவிசையில் நிற்கும் வரை அது எங்கே இருக்கும் என்று இயந்திரத்துக்குத் தெரியும்.

இந்த இயந்திரப் பாதியிலிருந்து வேறு பல தொழில்கள் பிறந்திருக்கின்றன. 1856இல் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து எழுந்த சாய வியாபாரத்தில்தான் ஜெர்மனியின் பேயர் 1863இலும் பிஏஎஸ்எஃப் 1865இலும் தொடங்கின. இன்றைய வேதியியல், மருந்துத் தொழில்களின் பெரிய பெயர்கள் சில அப்போது துணிக்கு நிறம் விற்றுக்கொண்டிருந்தன. 1897இல் பிஏஎஸ்எஃப் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரிச் சாகுபடி படுத்துவிட்டது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்தக் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். கார் தயாரிப்பு ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. கோளாறு கண்டவுடன் லைனை நிறுத்து என்று டொயோட்டா கார் ஆலைகளில் இருக்கும் விதிக்கு மூலம் அந்தத் தறிதான்.

சரி, தையலுக்கு வருவோம். ஒரு டி-சர்ட்டில் கை பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் துணியில் கைக்குழி உள்பக்கம் வளைந்திருக்கும். கைத்துணியின் தலைப்போ வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மேசைமேல் தட்டையாக வைத்தால் இரண்டும் பொருந்தாது. ஓரம் அடித்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு ஓரங்களையும் விரல்நுனியில் சேர்த்துப் பிடித்து, ஊசி நகர நகர அந்த வளைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கிக் கொடுக்க வேண்டும். அடித்துணியை மெஷினின் பற்கள் இழுத்துக்கொண்டு போகும், மேல்துணி சற்றுப் பின்தங்கும். அதை விரல் உணர்ந்து மேல்துணியை லேசாக முன்னே தள்ளும். பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். இழுத்தபடியே தைத்துவிட்டால் தையல் அலை அலையாக நிற்கும், செக்கிங்கில் திரும்பி வரும். இத்தனையும் சில நொடிகளில் முடிந்து அடுத்த பீஸ் கைக்கு வந்துவிடும்.

தொழிற்சாலைத் தையல் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போடும். ஆனால் ஊசி ஓடும் நேரத்தைவிட, துண்டை எடுத்து, ஓரம் சேர்த்து, திருப்பி, அடுத்த ஆளிடம் தள்ளும் நேரம்தான் அதிகம். மெஷினை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் சட்டை இரண்டு மடங்கு வேகமாக வராது. கார் கதவை ரோபோ தூக்கிப் பொருத்துகிறது என்றால், தூக்கும்போதும் கதவு கதவாகவே இருப்பதுதான் காரணம். துணி தூக்கியவுடன் துவண்டுவிடும், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மடியும். கட்டிங்கில் கணினி வந்துவிட்டது. ஜீன்ஸை வெளுக்க லேசர் வந்துவிட்டது. காஜா போடவும் பாக்கெட் வைக்கவும் தனி மெஷின்கள் இருக்கின்றன. ஒரு முழுச் சட்டையைத் தைத்து முடிக்கும் இயந்திரம் மட்டும் ஆலைகளில் சாதாரணமாகவில்லை. துணியைவிட விறைப்பான ஷூவிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். அடிடாஸ் ஜெர்மனியின் ஆன்ஸ்பாகிலும் அமெரிக்காவின் அட்லாண்டா அருகிலும் ரோபோ ஆலைகளைத் தொடங்கியது. உற்பத்தி சொந்த மண்ணுக்குத் திரும்புகிறது என்று ஊடகங்கள் கொண்டாடின. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே உருவான தொழில்நுட்பம் ஆசிய சப்ளையர்களிடம் போகிறது என்றும் சொன்னது.

இந்த இரண்டு பாதிகளும் பணத்தை நடத்தும் விதம் வேறு. நூற்பாலைக்கு முதலீடு வேண்டும், மின்சாரம் வேண்டும், இடமும் வேண்டும். போட்ட இடத்தில் அது பல ஆண்டு நிற்கும். அதற்காக லாபமும் கூடவே நிற்கும் என்று நினைக்கக் கூடாது. நல்ல மெஷின் வந்தால் போட்டியாளரும் அதையே வாங்குவார், மிச்சமாகும் செலவெல்லாம் விலைக் குறைப்பாக வாங்குபவருக்குப் போய்விடும். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே முதலில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டில் ஒரு ஜவுளி நிறுவனம். 1965இல் அது அவர் கைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் போராடிவிட்டு 1985இல் ஆலையை மூடினார். 1981இல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூடக் கேட்க ஆளில்லாமல், தலா 26 டாலருக்குப் பழைய இரும்பாக விற்றோம் என்று பங்குதாரர்களுக்கு அவர் எழுதினார். உலகப் புகழ் பெற்ற ஒரு முதலீட்டு நிறுவனம் தோற்றுப்போன ஒரு ஜவுளி ஆலையின் பெயரைத் தாங்கிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும்.

தையல் பாதிக்கு இவ்வளவு முதலீடு வேண்டாம். ஒரு கட்டடம், சில நூறு மெஷின்கள், ஒரு ஜெனரேட்டர், விரல் சுறுசுறுப்பான ஆட்கள் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். செலவில் பெரியது கூலி என்பதால், கூலி ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்கு நகரும். ஜப்பானிலிருந்து ஹாங்காங், தைவான், தென் கொரியா, அங்கிருந்து சீனா, அப்புறம் வங்கதேசம், வியட்நாம், கம்போடியா என்று தொழில் நகர்ந்த பாதை இதுதான்.

ஆனால் கூலி மட்டுமே இந்தப் பாதையைப் போட்டது என்று சொன்னால் கதையில் பாதி விட்டுப்போகும். பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்ற 1961இல் பருத்தித் துணிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. 1974இல் அது பல்லிழை ஒப்பந்தமாக விரிந்தது. எந்த நாடு எத்தனை சட்டை, எத்தனை கால்சட்டை அனுப்பலாம் என்று கோட்டா வைத்தார்கள். விளைவு தலைகீழாகப் போனது. கோட்டா தீர்ந்துபோன கொரிய நிறுவனங்கள், கோட்டாவைத் தொடாத நாடுகளைத் தேடின. ஆடை ஏற்றுமதி என்றால் என்ன என்றே தெரியாத வங்கதேசத்துக்கு அப்படித்தான் ஆள் வந்தது. தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் தென் கொரியாவின் டேவூவுடன் கூட்டுச் சேர்ந்து, 1979இல் சுமார் 130 பேரைப் பயிற்சிக்காக புசான் நகருக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் வெளியேறி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள் அல்லது புது ஆலைகளில் சேர்ந்தார்கள். தொழில்ரகசியம் நாடு முழுக்கப் பரவியது இப்படி.

அந்த வளர்ச்சியில் இன்னொரு கருவியைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. அது பேக்-டு-பேக் எல்சி. வெளிநாட்டு வாங்குபவர் ஆர்டருக்கு வங்கிக் கடன் உறுதிக் கடிதம் கொடுப்பார். ஆலை முதலாளி அதையே தன் வங்கியில் ஈடாகக் காட்டி, துணி இறக்குமதிக்கு இன்னொரு உறுதிக் கடிதம் வாங்கிக்கொள்வார். சட்டை கப்பலேறிப் பணம் வந்ததும் துணிக்கடன் தீர்ந்துவிடும். இறக்குமதித் துணி ஏற்றுமதிக்கே என்றால் சுங்கமும் இல்லை. கைக்காசு இல்லாத ஒருவர் ஆலை நடத்த இவை இரண்டும் போதுமானதாக இருந்தன. 2004 முடிவோடு கோட்டா ஒழிந்தபோது வங்கதேசம் படுத்துவிடும் என்று பலர் கணித்தார்கள், அது இன்னும் வளர்ந்தது. இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடையிலிருந்து வருகிறது. சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை கொடுக்கும் இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் பெண்கள்.

அதே கணக்குதான் 2013 ஏப்ரல் 24க்கும் இட்டுச் சென்றது. டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டார்கள். 1,134 பேர் இறந்தார்கள். வங்கிக்கு ஒருநாள் மூடினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆடை ஆலைக்கு ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அல்லது விலைக் கழிவு கொடுக்க வேண்டும், மொத்த லாபமும் அதிலேயே போய்விடும். முதலாளியின் குற்றத்தை இது குறைக்காது, ஆனால் அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறது. அதன் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு, 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தார்கள். கட்டடங்கள் உண்மையாகவே பாதுகாப்பாகின. கொள்முதல் முறைதான் மாறவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது, 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தானதாகவோ நிறுத்தி வைக்கப்பட்டதாகவோ வங்கதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. தைத்து முடித்த சரக்கும் அதில் உண்டு. துணி வாங்கிய கடன் ஆலையின் தலையில், ரத்து செய்யும் உரிமை வாங்குபவர் கையில்.

இந்தியாவின் நிலை இதற்கு நேர் எதிர். பருத்தி, நூற்பு, நெசவு எல்லாம் கையில் இருக்கிறது. வங்கதேசம் இந்தியாவிலிருந்து நூல் வாங்கித் துணியாக்கி, தைத்து, உலகத்துக்கு விற்கிறது. ஆனால் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் அது இந்தியாவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. ஆடை தயாரிப்பைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி, 2000களின் தொடக்கம் வரை பெரிய ஆலைகள் எழ விடாமல் வைத்திருந்தது ஒரு காரணம். ஒரே ஆர்டரில் லட்சக்கணக்கான பீஸ் கேட்கும் வாங்குபவருக்குச் சின்னச் சின்ன யூனிட்டுகள் தோதுப்படாது. இன்னொரு காரணம், உலகம் பருத்தியை விட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது இந்தியா பருத்தியிலேயே தங்கியது.

உலக இழை உற்பத்தி 2023இல் சுமார் 12.4 கோடி டன். 2000இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அதில் 57 சதவீதம் பாலியஸ்டர், பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான். பருத்தி விளைச்சல் இருபது ஆண்டுகளாகச் சுமார் 2.5 கோடி டன்னைச் சுற்றியே நிற்கிறது. நிலம், தண்ணீர், பூச்சி, மழை என்று அதற்கு ஆயிரம் தடை. பாலியஸ்டருக்கு ஆலையை விரித்தால் போதும். 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இந்த இழையைக் கண்டுபிடித்தது, பருத்தித் துணிக்கு அச்சுப் போடும் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் ஆய்வகத்தில். எண்ணெய்ச் சுத்திகரிப்பிலிருந்து வரும் இரண்டு ரசாயனங்களைச் சேர்த்து, உருக்கி, சல்லடைத் துளைகள் வழியே தள்ளினால் இழை. இதனால் ஜவுளித் தொழிலின் ஒரு கால் வயலிலும் மறு கால் எண்ணெய்க் கிணற்றிலும் நிற்கிறது. மலிவு உடுப்பு வெள்ளமாக வந்ததற்கு வியாபாரத் தந்திரத்தைவிட இந்த ரசாயனம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. மறுசுழற்சிப் பாலியஸ்டர் என்று லேபிளில் இருந்தால், அது பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது, பழைய துணியிலிருந்து வந்ததல்ல. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூலை மலிவாகப் பிரிக்கும் வழி இன்னும் பரவலாகவில்லை. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் பழைய உடுப்பு குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பருத்தி என்றால் சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956இல் ஐசிஐ நிறுவனம் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும், அதனால் துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் அந்தச் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ள, தொட்டியில் நிறைய உப்புப் போட வேண்டும். நூல் உப்பை எடுத்துக்கொள்ளாது, போட்ட உப்பு முழுக்கக் கழிவுநீரில் வெளியே வரும். நிறத்தைப் பாக்டீரியாவை வைத்துக்கூடக் குறைக்கலாம், உப்பை எதுவும் தின்னாது. சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் பிரிக்க முடியும், அதற்கு ஆகும் எரிபொருள் செலவு கொஞ்சமல்ல. நொய்யல் ஆறு கெட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் அங்கே ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலைத்தது. இந்தச் செலவைச் செய்யாத ஊரின் துணி கிலோவுக்குக் கொஞ்சம் மலிவாகவே இருக்கும். வாங்குபவரின் கணக்கில் ஆற்றுக்குத் தனிப் பத்தி கிடையாது.

பணக்கார நாடுகள் இந்தத் தொழிலை விட்டுவிட்டன என்று நினைப்பதும் சரியில்லை. உடுத்தாத துணிகளில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ஏர்பேக், சாலைக்கு அடியில் விரிக்கும் துணி, அறுவைச் சிகிச்சை அங்கி, முகக்கவச வடிகட்டி எல்லாம் ஜவுளிதான். ரேயான் நூற்பதற்காக 1926இல் தொடங்கப்பட்ட ஜப்பானின் டோரே, அக்ரிலிக் வகை இழையைக் காற்றில்லாமல் கருக்கிக் கார்பன் இழையாக்குகிறது. எடையில் பாதி கலவைப் பொருட்களாலான போயிங் 787 விமானத்துக்கு அந்த இழைதான் போகிறது. இங்கே கூலியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, தரச் சான்றும் ஆராய்ச்சியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

உடுப்பு வியாபாரத்தை இப்போது புதிதாக ஆட்டுவது சட்டம். உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சீனாவின் ஷின்ஜியாங்கில் விளைகிறது. கட்டாய உழைப்பு இல்லை என்று நிரூபிக்காத ஷின்ஜியாங் சரக்குக்கு 2022 ஜூன் முதல் அமெரிக்கா கதவை அடைத்தது. அதனால் சட்டை தைத்தவர் எந்த நாட்டில் இருந்தாலும், பஞ்சு எந்த வயலில் விளைந்தது என்று காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. பல இடத்துப் பஞ்சுப் பொதிகளைக் கலந்து நூற்கும் ஆலைக்கு இது லேசான வேலையல்ல. இன்னொரு பக்கம் இணையத்தில் உடுப்பு விற்கும் ஷீயின் போன்ற நிறுவனங்கள் ஒரு டிசைனுக்கு 100, 200 பீஸ் மட்டும் தைத்து, ஓடினால் மேலும் தைத்து, கடையே இல்லாமல் பார்சலில் அனுப்பி வளர்ந்தன. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா கொடுத்த வரிவிலக்கு அதற்கு வசதியாக இருந்தது. 2025 மே மாதம் சீனப் பார்சல்களுக்கும் ஆகஸ்டில் மற்ற நாடுகளுக்கும் அந்த விலக்கு போய்விட்டது.

அடுத்து எந்த நாடு இந்த ஏணியில் ஏறும் என்ற கேள்விக்கு, பத்து ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் எத்தியோப்பியாவைக் காட்டினார்கள். 2016இல் ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா திறந்தது. டாமி ஹில்ஃபிகர் பிராண்டை வைத்திருக்கும் பிவிஎச் அங்கே வந்தது. 2019 ஆய்வு ஒன்றின்படி தொடக்கக் கூலி மாதம் 26 டாலர், உலக ஆடைத் தொழிலிலேயே மிகக் குறைவு. அந்தக் கூலியில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாமல் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டார்கள். பழகும் முன்பே விரல்கள் மாறிக்கொண்டிருந்ததால் உற்பத்தி ஏறவில்லை. அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. 2021 நவம்பரில் பிவிஎச் தன் ஆலையை மூடியது. 2022 ஜனவரியில் அமெரிக்கா சுங்கச் சலுகையையும் ரத்து செய்தது. மெஷின்களைக் கழற்றி ஏற்ற அதிக நாள் ஆகாது. வங்கதேசத்தில் அப்படிக் கழற்றிக்கொண்டு போவது இன்று கடினம். பின்னலாடைக்கான நூலில் பெரும்பகுதியை அது உள்நாட்டிலேயே நூற்கத் தொடங்கிவிட்டது, சாய ஆலையும் துணி ஆலையும் சுற்றிலும் வந்துவிட்டன. வியட்நாம் இப்போது அதே வேலையில் இறங்கியிருக்கிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒப்பந்தத்தின்படி, பொதுவாகத் துணியும் வியட்நாமிலேயே, அல்லது ஒப்பந்தம் அனுமதிக்கும் தென் கொரியா போன்ற நாட்டில், உற்பத்தியாகியிருந்தால்தான் சட்டைக்குச் சுங்கச் சலுகை. அதனால் தையல் ஆலைகளுக்குப் பின்னால் அங்கே இப்போது தறிகளும் சாயத் தொட்டிகளும் முளைத்துக்கொண்டிருக்கின்றன.